மேயர் பதவி பாதியில் காலியானால்: மன்றம் தேர்வதா, மக்கள் தேர்வதா?

டொராண்டோ நகர மக்கள் 2022 அக்டோபர் 24 அன்று ஜான் டோரியை மூன்றாம் முறையாக மேயராகத் தேர்ந்தெடுத்தார்கள். நான்கு மாதம்கூட முடியாத நிலையில், 2023 பிப்ரவரி 10 அன்று, தம் அலுவலகத்தில் முன்பு பணியாற்றிய ஒருவருடன் இருந்த உறவை ஒப்புக்கொண்டு, பதவி விலகப்போவதாக அவர் அறிவித்தார். ஒரு வாரத்தில் விலகியும் விட்டார். நான்காண்டுப் பதவிக்காலத்தில் மூன்றரை ஆண்டுக்கு மேல் மீதமிருந்தது. அந்த மீதிக் காலத்துக்கு நகரத்தை யார் கையில், எந்த வழியில் ஒப்படைப்பது? மேயர் இறந்தாலும், தண்டனை பெற்றுப் பதவி இழந்தாலும், வாக்காளர்களே வாக்களித்து அவரைப் பதவியிலிருந்து திரும்ப அழைத்தாலும் எழுவது இதே கேள்விதான். நகரங்கள் இதற்கு வெவ்வேறு விடைகளைச் சொல்லியிருக்கின்றன. அவற்றில் சில விடைகளுக்கு அந்த நகரங்கள் பெரிய விலையும் கொடுத்திருக்கின்றன.

வழிகள் மூன்று உண்டு. துணை மேயரோ நகர மன்றத் தலைவரோ மீதிக் காலம் முழுவதும் பொறுப்பில் இருப்பது ஒன்று. மன்ற உறுப்பினர்கள் தங்களுக்குள் வாக்களித்து ஒருவரைத் தேர்வது இன்னொன்று. மக்களிடமே திரும்பிச் சென்று இடைத்தேர்தல் நடத்துவது மூன்றாவது. பதவிக்காலம் ஓராண்டுக்கு மேல் மீதமிருந்தால் இடைத்தேர்தலே சரி என்பது என் முடிவு. ஆனால் இடைத்தேர்தல் என்று பெயர் வைத்து விட்டால் மட்டும் அது நியாயமான தேர்தல் ஆகிவிடாது. தேர்தல் நடக்கும் வரை அந்த நாற்காலியில் யாரை உட்கார வைக்கிறோம் என்பதிலேயே அதன் நியாயத்தில் பாதி தீர்மானமாகிவிடுகிறது. நம் விவாதங்களில் பெரும்பாலும் விடுபட்டுப்போவதும் இதுதான்.

முதல் வழியைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1978 நவம்பர் 27 அன்று சான் பிரான்சிஸ்கோ மேயர் ஜார்ஜ் மாஸ்கோனி நகர மண்டபத்திலேயே சுட்டுக்கொல்லப்பட்டபோது, மன்றத் தலைவராக இருந்த டயான் ஃபைன்ஸ்டைன் அந்த நொடியிலேயே பொறுப்பு மேயரானார். ஒரு நகரம் அதிர்ச்சியில் உறைந்திருந்த வேளையில் அடுத்து யார் என்ற குழப்பமாவது எழவில்லை. தானாகவே நடக்கும் இத்தகைய பொறுப்பேற்பு இல்லாமல் எந்த நகரமும் இயங்க முடியாது. விதி தெளிவாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சிகாகோ அதற்கு இரண்டாண்டு முன்பே காட்டியிருந்தது. 1976 டிசம்பரில் மேயர் ரிச்சர்ட் ஜே. டேலி இறந்ததும், மன்றத்தின் தற்காலிகத் தலைவரான வில்சன் ஃபிராஸ்ட் தாமே பொறுப்பு மேயர் என்று அறிவித்தார். நகரத்தின் சட்ட அதிகாரிகள் அதை ஏற்கவில்லை, மேயர் அறையின் கதவும் அவருக்குத் திறக்கவில்லை. இருப்பினும் இந்த வழி நாட்களுக்கும் வாரங்களுக்கும் பொருந்துமே ஒழிய ஆண்டுகளுக்குப் பொருந்தாது. மன்றத் தலைவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் அவருடைய வட்டத்து வாக்காளர்கள் மட்டுமே. நகரம் முழுவதையும் ஆளும் உரிமையை அவருக்கு நகரம் முழுவதும் கொடுக்கவில்லை.

இரண்டாவது வழி, மன்றம் தேர்ந்தெடுப்பது. இதற்குச் சாதகமாகச் சொல்லப்படுபவை அற்பமானவை அல்ல: செலவு இல்லை, ஒரே அமர்வில் முடிந்துவிடும், உறுப்பினர்கள் வரவு செலவுத் திட்டத்தையும் நகரத்தின் கடனையும் அறிந்தவர்கள், போட்டியிடுபவர்களின் திறமையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள். இந்த வாதங்களை ஏற்க எனக்கும் ஆசைதான். ஆனால் சிகாகோவின் ஓர் இரவு அதற்கு இடம் கொடுப்பதில்லை.

சிகாகோவின் முதல் கறுப்பின மேயரான ஹேரால்ட் வாஷிங்டன் 1987 நவம்பர் 25 அன்று தம் அலுவலகத்தில் மேசைக்கு முன்னே மாரடைப்பால் சரிந்து இறந்தார். ஏழே மாதம் முன்புதான் மக்கள் அவரை இரண்டாம் முறை தேர்ந்தெடுத்திருந்தார்கள். டிசம்பர் 1 மாலை புதிய மேயரைத் தேர்வதற்காக மன்றம் கூடியது. நகர மண்டபத்தின் உள்ளேயும் வெளியே தெருவிலும் ஆயிரக்கணக்கானோர் திரண்டிருந்தார்கள். பேரம் வேண்டாம் என்று முழங்கினார்கள். சிலர் டாலர் நோட்டுகளை உயர்த்தி ஆட்டிக்காட்டினார்கள். வாஷிங்டனின் ஆதரவாளர்களில் பலர் விரும்பியது டிமோதி எவன்ஸை. வாஷிங்டனை ஆண்டுக்கணக்கில் எதிர்த்துவந்த உறுப்பினர்களோ யூஜீன் சாயரின் பின்னால் அணிவகுத்தார்கள். சாயரும் கறுப்பினத்தவர், வாஷிங்டனுடன் நின்றவர், மென்மையானவர் என்று பெயரெடுத்தவர். தங்களுக்குத் தொல்லை தரமாட்டார் என்று எதிரணி கணக்குப் போட்டதும் அதனால்தான். கூட்டத்தின் கோபத்தைக் கண்டு சாயரே தயங்கினார். மணிக்கணக்காக இழுத்துக்கொண்டுபோய், விடியற்காலை நான்கு மணி அளவில், 29க்கு 19 என்ற வாக்குகளில் அவர் மேயரானார்.

சாயர் நேர்மையற்றவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மன்றம் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போது அங்கே மதிப்பிடப்படுவது நகரத்துக்கு எவர் நல்லவர் என்பதைக் காட்டிலும், எவர் வந்தால் என் குழுவின் இடமும் என் வட்டத்துக்கான நிதியும் பாதுகாப்பாக இருக்கும் என்பதுதான். மக்கள் ஏழு மாதம் முன்பு தோற்கடித்த அணியே அந்த இரவில் மேயரைத் தீர்மானித்தது. சாயர் பதவியில் இருந்த காலம் முழுவதும் அந்த விடியற்காலை வாக்கெடுப்பு அவரை நிழலாகத் தொடர்ந்தது. இடைத்தேர்தல் 1989இலா 1991இலா என்ற தகராறு நீதிமன்றம் வரை போய், 1989 என்று தீர்ப்பான பிறகு, கட்சியின் உட்தேர்தலிலேயே அவர் தோற்றார். அந்த இடைத்தேர்தலில் வென்ற ரிச்சர்ட் எம். டேலி, 1976இல் இறந்த டேலியின் மகன், 2011 வரை 22 ஆண்டுகள் சிகாகோவை ஆண்டார். மீதமிருந்த இரண்டாண்டுக்காக நடந்த தேர்தல் ஒரு தலைமுறையின் ஆட்சியையே தீர்மானித்துவிட்டது.

மாண்ட்ரியலின் அனுபவம் வேறு வகையானது. அங்கே பேரத்தைவிட ஆய்வின்மைதான் ஆபத்தாக முடிந்தது. கட்டுமான ஒப்பந்த ஊழல் விசாரணை சூடுபிடித்திருந்த வேளையில் மேயர் ஜெரால்ட் ட்ரம்ப்ளே 2012 நவம்பர் 5 அன்று விலகினார். பொதுத் தேர்தல் 2013 நவம்பர் 3 அன்று வரவிருந்தது. இடைவெளி ஓராண்டுக்கு இரண்டு நாள் குறைவு. ஆகவே கியூபெக் மாகாணச் சட்டப்படி மன்றமே இரகசிய வாக்கெடுப்பில் புதியவரைத் தேர்ந்தெடுத்தது. 31க்கு 29 என்ற நூலிழை வித்தியாசத்தில் மைக்கேல் ஆப்பிள்பாம் வென்றார். நகர நிர்வாகத்தைத் தூய்மைப்படுத்துவதாக உறுதியளித்து வந்த அவரை, ஏழு மாதத்தில், 2013 ஜூன் 17 அன்று காவல்துறை கைது செய்தது. முன்பு தம் பகுதியின் மேயராக இருந்த காலத்து ஊழலுக்காக அவர் 2017இல் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். மன்றம் மறுபடியும் கூடி லோரான் பிளான்ஷாரைத் தேர்ந்தெடுக்க, மக்கள் ஒருமுறைகூட வாக்களிக்காத ஓராண்டுக்குள் மாண்ட்ரியல் மூன்று மேயர்களைக் கண்டது. தேர்தல் களம் எல்லாக் குற்றத்தையும் வெளிக்கொண்டுவரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனாலும் பத்திரிகையாளர்களும் எதிர் வேட்பாளர்களும் மூன்று மாதம் ஒருவருடைய பழைய கணக்குகளைத் துருவிப் பார்ப்பதற்கும், சில நாட்களில் சக உறுப்பினர்கள் கூடி முடிவெடுப்பதற்கும் இடையே பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஓராண்டுக்குள் பொதுத் தேர்தல் வருமானால் மன்றத் தேர்வே போதும் என்றுதான் நானும் கருதுகிறேன். மாண்ட்ரியலின் கதை தெரிந்தே அதைச் சொல்கிறேன்.

மூன்றாவது வழியான இடைத்தேர்தல் மீது வைக்கப்படும் குறைகளில் முதலில் வருவது செலவு. டொராண்டோவில் 2023 ஜூன் 26 அன்று நடந்த இடைத்தேர்தலுக்குச் சுமார் 1.3 கோடி கனேடிய டாலர் ஆகும் என்று நகர நிர்வாகம் கணக்கிட்டது. தனியாகப் பார்த்தால் பெரிய தொகைதான். ஆனால் அந்த நகரத்தின் ஓராண்டு நடைமுறைச் செலவு 1,600 கோடி டாலரை ஒட்டியது; அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இது இல்லை. மூன்றரை ஆண்டுக்கு அந்தப் பணத்தையெல்லாம் கையாளப்போகிறவரை மக்களே தேர்வதற்கு இவ்வளவு செலவழிப்பதை வீண் என்று சொல்ல என்னால் முடியாது.

அடுத்த குறை, இடைத்தேர்தலுக்கு மக்கள் வரமாட்டார்கள் என்பது. இது பல இடங்களில் உண்மைதான், ஆனாலும் விதியாகச் சொல்ல முடியாது. டொராண்டோவில் 2022 பொதுத் தேர்தலில் வாக்களித்தவர்கள் 30 சதவீதத்தை ஒட்டியே இருந்தார்கள்; எட்டு மாதம் கழித்து நடந்த இடைத்தேர்தலில் அது 38 சதவீதத்தைத் தாண்டியது. சியோல் மாநகரில் 2021 ஏப்ரல் 7 அன்று நடந்த மேயர் இடைத்தேர்தலில் வாக்காளர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வந்து வாக்களித்தார்கள். இதற்கு நேர் எதிராக ஒசாகாவில் 2014 மார்ச்சில் நடந்த தேர்தலில் வாக்குப்பதிவு 24 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. காரணம் வெளிப்படையானது. மேயர் தோரு ஹஷிமோட்டோ தம் நகர மறுசீரமைப்புத் திட்டம் தடைபட்டதால் தாமே பதவி விலகி, தாமே மறுபடியும் போட்டியிட்டார். பெரிய கட்சிகள் எவையும் வேட்பாளரை நிறுத்தவில்லை. உண்மையான போட்டி இருக்குமிடத்தில் மக்கள் வருகிறார்கள். அரசியல் வித்தையாகத் தேர்தல் நடக்குமிடத்தில் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது குறைதான் உண்மையிலேயே கனமானது: வாக்குகள் சிதறுவது. பதவியில் இருப்பவர் களத்தில் இல்லாததால் இடைத்தேர்தலில் வேட்பாளர்கள் குவிகிறார்கள். டொராண்டோவில் 102 பேர் போட்டியிட்டார்கள். வாக்குச்சாவடியின் மறைப்புக்குப் பின்னால் நிற்கும் ஒருவர் ஒரே சீட்டில் 102 பெயர்களுக்கு நடுவே தாம் தேடும் பெயரை விரலால் தடவித் தேடி, அதன் எதிரே குறியிட வேண்டியிருந்தது. அதிக வாக்கு பெற்றவர் வெற்றி என்ற எளிய முறையில் ஒலிவியா சௌ சுமார் 37 சதவீதம் பெற்று மேயரானார். அவருடைய வெற்றி முறையானது, அதில் ஐயமில்லை. ஆனால் மற்ற 63 சதவீதத்தினரின் இரண்டாவது விருப்பம் யாராக இருந்தது என்பது அந்தச் சீட்டில் எங்கும் பதிவாகவில்லை. விருப்ப வரிசைப்படி வாக்களிக்கும் முறையை ஒன்டாரியோ மாகாணத்தின் நகரங்கள் ஏற்கலாம் என்ற உரிமை சில ஆண்டுகள் இருந்தது. அங்குள்ள லண்டன் நகரம் 2018இல் அப்படித் தேர்தலும் நடத்தியது. 2020இல் மாகாண அரசு அந்த உரிமையைப் பறித்துக்கொண்டது.

இந்தச் சிதறலுக்கு மருந்து இரண்டு. சான் டியாகோ இரண்டு சுற்று முறையைப் பின்பற்றியது. பாப் ஃபில்னர் பாலியல் தொல்லைப் புகார்களால் 2013 ஆகஸ்ட் இறுதியில் விலக, நவம்பர் 19 அன்று முதல் சுற்று நடந்தது. எவருக்கும் பாதி கிடைக்கவில்லை. 2014 பிப்ரவரி 11 அன்று நடந்த இரண்டாம் சுற்றில் கெவின் ஃபால்கனர், டேவிட் ஆல்வரெஸை வென்றார். இருவர் மட்டுமே எதிரெதிரே நிற்கும்போது விவாதம் கூர்மையாகிறது என்பது இந்த முறையின் பெரும் சிறப்பு. ஆனால் நகரம் மக்கள் தேர்ந்தெடுத்த மேயர் இல்லாமல் அரை ஆண்டு காத்திருந்தது. இரண்டு தேர்தலுக்கான செலவும் ஆனது.

சான் பிரான்சிஸ்கோ 2018 ஜூன் 5 அன்று அதே வேலையை ஒரே நாளில் செய்தது. வாக்காளர் முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம், மூன்றாம் விருப்பம் என்று மூன்று பெயர்களைக் குறித்தார். எவரும் பாதியைத் தாண்டாததால், கடைசியில் உள்ளவர்களை ஒவ்வொருவராக நீக்கி, அவர்களுடைய சீட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றி எண்ணினார்கள். முதல் விருப்பத்தில் லண்டன் பிரீட் என்ற வேட்பாளர் தெளிவாக முன்னிலையில் இருந்தார். மார்க் லீனோவும் ஜேன் கிம்மும் ஒருவருக்கொருவர் இரண்டாம் விருப்பத்தைக் கேட்டு வாக்குச் சேகரித்திருந்ததால், கிம் நீக்கப்பட்டதும் அவருடைய சீட்டுகளில் பெரும்பகுதி லீனோவிடம் சென்றது. ஒரு கட்டத்தில் லீனோவே முந்தினார். அஞ்சல் வாக்குகளை எண்ணி முடிக்க முடிக்க நிலை மறுபடி மாறி, எட்டு நாள் கழித்து லீனோ தோல்வியை ஏற்றபோது இருவருக்கும் இடையே இருந்தது சுமார் ஒரு சதவீத வித்தியாசம்தான். முடிவுக்காகக் காத்திருந்த அந்த எட்டு நாள் பலருக்கு எரிச்சலூட்டியது உண்மை. ஆனால் கிம்முக்கு வாக்களித்து, அடுத்த விருப்பங்களில் பிரீடையோ லீனோவையோ குறித்தவர் எவரும், கடைசி இருவரில் யார் வர வேண்டும் என்பதில் தம் குரலை இழக்கவில்லை. வேட்பாளர்கள் குவியும் இடைத்தேர்தலுக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியவில்லை. ஒரு சீட்டு, ஒரு நாள், சிதறாத வாக்கு.

அதே சான் பிரான்சிஸ்கோ இடைத்தேர்தலின் முன்கதையில்தான் நான் தொடக்கத்தில் சொன்ன விஷயம் இருக்கிறது. மேயர் எட் லீ 2017 டிசம்பர் 12 அதிகாலையில் திடீரென இறந்தார். நகரத்தின் அடிப்படைச் சட்டமான சாசனப்படி மன்றத் தலைவரான லண்டன் பிரீட் பொறுப்பு மேயரானார். அவர் ஜூன் தேர்தலில் போட்டியிடப்போவதாக ஜனவரியில் அறிவித்ததும் சிக்கல் தொடங்கியது. மேயர் நாற்காலியில் இருப்பவருக்குப் பேச மேடையும், நிகழ்ச்சிகளில் முதல் இடமும், செய்திகளில் பெயரும் தாமாகவே கிடைக்கும். ஆறு மாதம் அப்படி இருந்தவர் வாக்காளர் கண்ணில் ஏற்கெனவே மேயராகிவிடுவார். 2018 ஜனவரி 23 அன்று மன்றம் கூடி, 8க்கு 3 என்ற வாக்குகளில், போட்டியிடாத மார்க் ஃபாரலை இடைக்கால மேயராக்கியது.

பார்வையாளர் பகுதி கொந்தளித்தது. அரசுக் குடியிருப்பில் வறுமையில் வளர்ந்த கறுப்பினப் பெண் ஒருவர் அந்த நாற்காலியில் அமர்ந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது; அவரை எழுப்பிவிட்டு வசதி படைத்த வெள்ளையர் ஒருவரை அமர்த்துகிறீர்களே என்று மக்கள் குமுறினார்கள். அந்தக் குமுறலை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வரலாறு தெரிந்தவர் எவரும் அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. மன்றத்தில் இருந்த அணிகளின் பகையும் அந்த வாக்கெடுப்பில் கலந்திருந்தது. அப்படியிருந்தும், வேட்பாளர் ஒருவர் தேர்தலுக்கு முன் அந்த நாற்காலியில் அமரக் கூடாது என்ற கொள்கை சரியானது. தவறு, அந்தக் கொள்கை முன்னதாகவே சட்டத்தில் எழுதப்படாமல், ஒரு குறிப்பிட்ட பெண்ணை மனத்தில் வைத்து அன்றைய இரவில் கண்டுபிடிக்கப்பட்டதில்தான் இருந்தது. பொறுப்பு மேயராகிறவர் வரவிருக்கும் தேர்தலில் நிற்கக் கூடாது, நிற்க விரும்பினால் பொறுப்பை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்று சாசனமே சொல்லியிருந்தால், பிரீட் யாராலும் எழுப்பிவிடப்படாமல் தம் விருப்பத்தின்படி எழுந்து களத்துக்குச் சென்றிருப்பார். அவர் எப்படியும் வென்றார் என்பது வேறு செய்தி. வெற்றியில் நாற்காலியின் பங்கு உண்டு என்று எவரும் சொல்ல முடியாதபடி வென்றார்.

இது நடைமுறைக்கு ஒவ்வாத எதிர்பார்ப்பு அல்ல. சான் டியாகோவில் அந்த அரை ஆண்டைக் கவனித்துக்கொண்ட மன்றத் தலைவர் டாட் குளோரியா இடைத்தேர்தலில் நிற்கவில்லை. பிறகு 2020இல் மக்கள் வாக்கால் மேயரானார். ஓக்லண்டில் மேயர் ஷெங் தாவோவை 2024 நவம்பரில் வாக்காளர்கள் திரும்ப அழைத்த பின், பொறுப்பு வகித்த மன்றத் தலைவர் கெவின் ஜென்கின்ஸும் 2025 ஏப்ரல் 15 தேர்தல் களத்துக்கு வெளியே நின்றார். அதில் பார்பரா லீ வென்றார். அரசியல் வாழ்வைத் துறக்காமலே இப்படி ஒதுங்கி நிற்க முடியும்.

தேர்தல் நாளை எப்போது வைப்பது என்பதில் இரண்டு பக்கமும் ஆபத்து இருக்கிறது. தென் கொரியாவில் இடைத்தேர்தல்களுக்கென்று குறித்த நாள் உண்டு. அதனால் மேயர் பார்க் வோன்-சூன் 2020 ஜூலையில் இறந்தபின் சியோலை ஒன்பது மாதம், பெருந்தொற்றின் நடுவே, தேர்ந்தெடுக்கப்படாத துணை மேயரே நிர்வகித்தார். மிகுந்த அவசரம் என்ன செய்யும் என்பதை நாகசாகியில் காணலாம். அது இடைத்தேர்தல் அல்ல. மேயர் இச்சோ இதோ 2007 ஏப்ரல் 17 அன்று, வாக்குப்பதிவுக்கு ஐந்து நாள் முன்பு, பிரசாரத்தின்போது சுடப்பட்டு மறுநாள் இறந்தார். தேர்தல் குறித்த நாளிலேயே நடந்தது. புதிய வேட்பாளர்களை வாக்காளர்கள் அறிந்துகொள்ள நேரமே இருக்கவில்லை. இதோவுக்கு முன்கூட்டியே பதிவான வாக்குகள் செல்லாதவையாயின. காலியான நாளிலிருந்து மூன்று முதல் நான்கு மாதம் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. டொராண்டோ எடுத்துக்கொண்டதும் ஏறத்தாழ அவ்வளவுதான். எத்தனை நாளாக இருந்தாலும் அது முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். சாயர் விஷயத்தில் நடந்ததுபோல ஆண்டையே நீதிமன்றம் சொல்ல வேண்டிய நிலை வரக் கூடாது.

வெற்றி பெறுபவருக்கு எத்தனை காலம் கொடுப்பது என்பது கடைசிக் கேள்வி. டெட்ராய்ட் மேயர் குவாமே கில்பாட்ரிக் 2008 செப்டம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டு விலகியபின், 2009 பிப்ரவரியில் முதற்சுற்று, மே மாதம் இடைத்தேர்தல், ஆகஸ்டில் பொதுத் தேர்தலுக்கான முதற்சுற்று, நவம்பரில் பொதுத் தேர்தல் என்று ஒரே ஆண்டில் நான்கு முறை வாக்குச்சாவடிக்குச் சென்றார்கள் அந்த நகர மக்கள். மே மாதம் வென்ற டேவ் பிங் பதவியேற்ற கையோடு மறுபடியும் வாக்குக் கேட்கப் புறப்பட வேண்டியிருந்தது. ஜப்பான் இதை வேறு விதமாகத் தீர்க்கிறது: இடையில் தேர்ந்தெடுக்கப்படுபவர் முழு நான்காண்டும் இருக்கிறார்; ஹஷிமோட்டோவைப் போலத் தாமே விலகித் தாமே வெல்பவருக்கு மட்டும் பழைய மீதிக் காலமே கிடைக்கிறது. அந்த விதிவிலக்கில் நல்ல அறிவு இருக்கிறது, அதை எந்த நகரமும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் முழுப் பதவிக்காலம் கொடுத்தால் மேயரின் தேர்தலும் மன்றத்தின் தேர்தலும் வெவ்வேறு ஆண்டுகளுக்குப் பிரிந்துபோய், பிறகு ஒருபோதும் ஒன்றுசேராமல் போகும். ஆகவே நான் மீதிக் காலத்தையே தேர்வேன். டெட்ராய்டைப் போல மீதி ஓராண்டு அளவுக்குச் சுருங்கியிருக்கும் நகரம் இடைத்தேர்தலை விட்டுவிட்டு, அடுத்த பொதுத் தேர்தலில் நிற்காத ஒருவரிடம் பொறுப்பைக் கொடுத்துக் காத்திருக்கட்டும்.